காணாமல் போன 0.8 டெராபைட்: ஸ்னாப்ஷாட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஸ்டோரேஜ் நிர்வாகிகளுக்கான சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு பயிற்சிக் கணக்கில் சிக்கிக்கொண்டீர்கள். ஒரு வால்யூமில் (ஸ்டோரேஜில் தனியாகப் பிரித்துவைத்த இடத்தில்) 8 டெராபைட் தரவு இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தில் 0.2 சதவீதப் பிளாக்குகள் (தரவைச் சேமிக்கும் சிறு துண்டுகள்) மாறுகின்றன. ஒரு நாளில் 2 சதவீதம். ஒரு வாரத்தில் 8 சதவீதம். மணிக்கு ஒன்றாக 24 ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு), நாளுக்கு ஒன்றாக 7, வாரத்துக்கு ஒன்றாக 4 வைத்திருக்க வேண்டும். இதற்கு எவ்வளவு இடம் தேவை? நீங்கள் 24ஐ 0.2ஆலும், 7ஐ 2ஆலும், 4ஐ 8ஆலும் பெருக்கிக் கூட்டி, 50.8 சதவீதம், அதாவது 4.064 டெராபைட் என்று விடை எழுதினீர்கள். விடைப் பக்கத்தில் 3.264 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா, இல்லையென்றால் அந்த 0.8 டெராபைட் எங்கே போனது என்று கேட்கிறீர்கள்.

அச்சுப்பிழை இல்லை. 3.264 தான் சரி. ஆனால் உங்கள் வழி முழுத் தவறும் இல்லை. அதே வழி சரியாக வருகிற இடம் ஒன்று உண்டு, கடைசியில் காட்டுகிறேன். இன்னொன்று: தேர்வு ஆங்கிலத்தில், வகுப்பு பாதி பிரெஞ்சில், நண்பர்களோடு பேச்சு கிரியோலில் என்று வாழும் இந்த மொரிஷியஸ் தீவில் இதைத் தமிழில் கேட்டீர்கள். அதனால்தான் இரவு உணவைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

ரோஸ் ஹில்லில் எங்கள் பெரியப்பா ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய கடன் கணக்குப் பேரேடு தைத்த புத்தகம் அல்ல. துளையிட்ட தனித்தனித் தாள்கள், வாடிக்கையாளருக்கு ஒரு தாள். யாருடைய கணக்காவது மாறினால் பெரியப்பா அழித்து எழுத மாட்டார். புதுத் தாளில் எழுதிப் பேரேட்டில் சேர்த்துவிட்டு, பழைய தாளை மேசை இழுப்பறையில் போடுவார். இரவு கடை சாத்தும்போது ஒரு துண்டுச் சீட்டில், "இன்றைய நிலவரப்படி செல்லுபடியாகும் தாள்கள் இவை" என்று எண்களை மட்டும் குறித்து வைப்பார். தாள்தான் பிளாக், அந்தச் சீட்டுதான் ஸ்னாப்ஷாட். சீட்டு எழுதப் பெரிதாக இடமும் தேவையில்லை, நேரமும் தேவையில்லை. பேரேட்டையே அவர் நகல் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இடத்தை அடைப்பது இழுப்பறையில் சேரும் பழைய தாள்கள்தாம்.

இந்த இழுப்பறையை மனத்தில் வைத்துக்கொண்டால் தேர்வில் வரும் பாதிக் கண்ணிகள் தாமாக அவிழ்ந்துவிடும். புது வாடிக்கையாளர் வந்தால் பேரேடு பெருகும், இழுப்பறையில் ஒன்றும் விழாது. ஆகவே தரவின் வளர்ச்சி வேறு, மாற்றம் வேறு. "தினமும் 100 ஜிகாபைட் எழுதப்படுகிறது, அதில் 60 ஜிகாபைட் புதிய தரவு" என்று கேள்வி சொன்னால், ஸ்னாப்ஷாட் கணக்கில் சேர வேண்டியது 40 மட்டுமே. ஒரு வாடிக்கையாளர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டால் அவருடைய தாள் பேரேட்டிலிருந்து எடுக்கப்படும், ஆனால் நேற்றைய சீட்டில் அதன் எண் இருப்பதால் இழுப்பறையில் கிடக்கும். ஆகவே அழிப்பதும் மாற்றம்தான். ஒரே நாளில் ஒருவர் கணக்கு ஐந்து முறை மாறினால், காலைத் தாள் மட்டும் நேற்றைய சீட்டில் இருக்கிறது. நடுவில் எழுதிய நான்கும் எந்தச் சீட்டிலும் ஏறாதவை, குப்பைக்குப் போகலாம்.

கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் கணக்கின் உயிர்நாடி. 24 மணி நேரத்தை 0.2ஆல் பெருக்கினால் 4.8 சதவீதம் வருகிறது. ஆனால் ஒரு நாளுக்குக் கேள்வியே 2 சதவீதம்தான் கொடுத்திருக்கிறது. முரண்போலத் தோன்றும். முரண் இல்லை. பெரியப்பா மணிக்கொரு சீட்டு எழுதினால், நடுவில் வந்துபோன தாள்களும் ஏதாவது ஒரு சீட்டில் ஏறிவிடும், குப்பைக்குப் போக முடியாது. சீட்டு எழுதும் இடைவெளி குறையக் குறைய இழுப்பறை பருக்கும். அதேபோல ஏழு நாளை 2ஆல் பெருக்கினால் 14 வர வேண்டும், வாரத்துக்கு ஏன் 8 தான்? தினம் பால் வாங்குகிறவர்கள் ஒரே ஆட்கள். அவர்களுடைய தாள்தான் திரும்பத் திரும்ப மாறுகிறது. ஆகவே "மாற்ற விகிதம்" என்ற சொல்லைத் தனியாகப் பார்த்தால் பொருள் இல்லை. எந்த இடைவெளிக்கான விகிதம் என்று உடனே கேட்க வேண்டும்.

இப்போது 0.8க்கு வருவோம். நீங்கள் ஸ்னாப்ஷாட்டுகளை எண்ணினீர்கள். எண்ண வேண்டியது ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியை. ஒரு தாளில் நேர்கோடு ஒன்று இழுங்கள். வலது முனை "இப்போது", இடது முனை 28 நாளுக்கு முன். வலது முனையிலிருந்து 24 மணிக்கோடுகளைப் போட்டால் சரியாக ஒரு நாள் நிரம்பிவிடுகிறது. அடுத்து 7 நாள்கோடுகள். அவற்றில் மிக அண்மையது எங்கே விழுகிறது? ஏற்கெனவே மணிக்கோடுகள் நிரப்பிய அந்த ஒரு நாளுக்குள். அந்த நாளின் பழைய பிளாக்குகளை 4.8 சதவீதம் என்று எண்ணியாயிற்று. மறுபடி 2 சதவீதம் போடுவது இரட்டை எண்ணிக்கை. ஆக, நாள் இடைவெளிகள் ஆறு. வாரக்கோடுகளிலும் இதே கதை: முதல் வாரத்தை நாள்கோடுகள் எடுத்துக்கொண்டன, மீதம் மூன்று. 4.8, 12, 24 மூன்றையும் கூட்டினால் 40.8 சதவீதம். 8 டெராபைட்டில் 40.8 சதவீதம் 3.264. நீங்கள் இரண்டு முறை எண்ணியது ஒரு நாளும் ஒரு வாரமும், அதாவது 10 சதவீதம், அதாவது 0.8 டெராபைட். காணாமல் போகவில்லை, இருந்ததே இல்லை.

இத்தோடு கேள்வி முடிந்தால் பரவாயில்லை. பெரும்பாலும் அடுத்த கேள்வி, "வால்யூமை எவ்வளவு பெரிதாக உருவாக்க வேண்டும், ஒதுக்கீடு எத்தனை சதவீதம்?" என்று வரும். நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிற இடம் இது. மாற்றத்துக்கு வந்த 40.8 சதவீதம் தரவின் அளவை வைத்துச் சொன்னது. ஸ்னாப்ஷாட் ஒதுக்கீடு (ஸ்னாப்ஷாட்டுகளுக்கென ஒதுக்கிவைக்கும் இடம்) என்பதோ மொத்த வால்யூமின் சதவீதம். 8ஐயும் 3.264ஐயும் கூட்டினால் 11.264, அதில் 3.264 ஏறத்தாழ 29 சதவீதம். ஆக, ஒதுக்கீடு 29 என்று வைக்க வேண்டும், 41 என்று அல்ல. திருப்பியும் கேட்பார்கள்: ஒதுக்கீடு 29 சதவீதம் என்றால், 8 டெராபைட் தரவுக்கு வால்யூம் எவ்வளவு? 8ஐ 1.29ஆல் பெருக்கி 10.32 என்று எழுதினால் போச்சு. 8ஐ 0.71ஆல் வகுக்க வேண்டும், 11.27 வரும். கிட்டத்தட்ட ஒரு டெராபைட் வித்தியாசம், நான்கு விடைகளில் இரண்டாக அந்த இரண்டு எண்களும் கட்டாயம் இருக்கும்.

ஒதுக்கீடு பற்றி இன்னொரு தவறான நம்பிக்கை உலவுகிறது: ஒதுக்கீடு நிரம்பினால் ஸ்னாப்ஷாட் நின்றுவிடும் என்று. நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் பெட்டிகளில் அப்படி இல்லை. ஒதுக்கீடு என்பது தரையில் போட்ட சாக்பீஸ் கோடு. தரவு அந்தக் கோட்டைத் தாண்டி ஸ்னாப்ஷாட் பக்கம் வர முடியாது. ஸ்னாப்ஷாட் தரவுப் பக்கம் தாராளமாக வழியும். அந்தப் பெட்டிகளை இயக்கும் ஓன்டாப் மென்பொருளில் ஒதுக்கீடு தானாகவே 5 சதவீதம் (பழைய பதிப்புகளில் 20). நம்முடைய 11.264 டெராபைட் வால்யூமை 5 சதவீதத்தோடு விட்டுவிட்டால் பயனர்களுக்கு 10.7 டெராபைட் தெரியும். ஆகா, 2.7 காலியாக இருக்கிறதே என்று அதில் எதையாவது கொண்டுவந்து கொட்டுவார்கள். நான்காவது வாரத்தில் ஸ்னாப்ஷாட்டுகள் வழிந்து அந்த இடத்தைக் கேட்கும்போது வால்யூம் நிறைந்துபோகும். இடம் மொத்தத்தில் ஒன்றுதான். கோடு எங்கே என்பதுதான் யாருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

வழிவதை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தது நினைவிருக்கும். 15ஆம் தேதி போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. அதற்கு முந்தைய நாள், நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வால்யூம்களுக்கும் கையால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தோம். பெயர்கூட "புயலுக்கு முன்". புயல் போனது, மின்சாரம் வந்தது, எல்லாம் சரி, அதை மறந்தும் போனோம். மே மாதத்தில் ஒரு கோப்பு வால்யூம் 97 சதவீதம் என்று எச்சரிக்கை. வேண்டாத பழைய வீடியோக்களை 300 ஜிகாபைட் அழித்தோம், அளவு அசையவில்லை. இன்னும் 200 அழித்தோம். அப்போதும் அதே 97. என் மேலாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அழித்த ஒவ்வொரு பிளாக்கும் பேரேட்டிலிருந்து இழுப்பறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, ஏனென்றால் நான்கு மாதத்துக்கு முந்தைய சீட்டு அவை எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பிடித்து வைத்திருந்தது. அட்டவணைப்படி எடுத்தவை அட்டவணைப்படி போகும். கையால் எடுத்ததைக் கையால்தான் அழிக்க வேண்டும். அதை அழித்தவுடன் 1.9 டெராபைட் திரும்பி வந்தது. கணக்கில் "மிகப் பழைய ஸ்னாப்ஷாட்டின் வயது" என்ன என்று முதலில் பார்ப்பது அன்றிலிருந்து எனக்குப் பழக்கமாகிவிட்டது.

தேர்விலும் இதைக் கேட்பார்கள், வேறு வேடத்தில். திங்கள், செவ்வாய், புதன் மூன்று ஸ்னாப்ஷாட்டுகள். 100 ஜிகாபைட் கோப்பு ஒன்று மூன்றிலும் இருக்கிறது. வியாழன் அன்று அழிக்கப்பட்டது. 40 ஜிகாபைட் கோப்பு ஒன்று திங்கள் ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு உருவாகி, செவ்வாய் ஸ்னாப்ஷாட்டில் ஏறி, புதனுக்கு முன் அழிந்தது. செவ்வாய் ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் எவ்வளவு இடம் கிடைக்கும்? 40 மட்டும். 100 கிடைக்க மூன்றும் போக வேண்டும். ஒரு தாளைக் கடைசிச் சீட்டும் கைவிடும்வரை இழுப்பறையிலிருந்து எடுக்க முடியாது.

இதுவரை சொன்னது ரீடைரக்ட்-ஆன்-ரைட் முறைக்கு. புதுத் தரவு புது இடத்தில் எழுதப்படும், பழையது இருந்த இடத்திலேயே நிற்கும். காப்பி-ஆன்-ரைட் முறையில் பழைய பிளாக்கை முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியதை எழுதுவார்கள். வேகம் குறையும் என்பதை எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்லும். கொள்ளளவில் வரும் இரண்டு வித்தியாசங்களைச் சிலவே சொல்கின்றன.

முதலாவது, நகல் எடுக்கும் துண்டின் அளவு. இஎம்சி நிறுவனத்தின் பழைய கிளாரியான் ஸ்டோரேஜ் பெட்டிகளில் அது 64 கிலோபைட். தரவுத்தளம் எழுதுவதோ 8 கிலோபைட் பக்கங்கள். வெவ்வேறு துண்டுகளில் சிதறி ஒரு லட்சம் பக்கங்கள் எழுதப்பட்டால், மாறிய தரவு 781 மெகாபைட். நகல் எடுக்கப்படுவது 6.1 ஜிகாபைட். எட்டு மடங்கு. ஒரே துண்டில் இரண்டாம் முறை எழுதினால் மறுபடி நகல் இல்லை, ஆகவே வரிசையாக எழுதும் வேலைகளில் இந்தப் பெருக்கம் அனேகமாக மறைந்துவிடும். கேள்வியில் "சிதறிய எழுத்து", "துண்டின் அளவு" இரண்டும் சேர்ந்து வந்தால் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

இரண்டாவது இன்னும் கொடியது. லினக்ஸில் வால்யூம்களை நிர்வகிக்கும் எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட்டில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் தனித்தனி இழுப்பறை. ஒரு தாள் மாறினால் எல்லா இழுப்பறைகளுக்கும் ஒவ்வொரு நகல். 8 டெராபைட், நாளுக்கு 2 சதவீதம், 14 நாள் ஸ்னாப்ஷாட் என்று வையுங்கள். பொது இழுப்பறை என்றால் 14 நாளுக்கு 28 சதவீதம், 2.24 டெராபைட், வேலை முடிந்தது. தனித்தனி என்றால் மிகப் பழையது 14 நாள் மாற்றத்தைச் சுமக்கும், அடுத்தது 13, அடுத்தது 12. எல்லாம் கூட்டினால் 105 நாள். நாளுக்கு 0.16 டெராபைட் வீதம் 16.8 டெராபைட். மூலத் தரவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! (ஒரே பிளாக் பல நாளில் மாறினால் குறையும், இது உச்ச அளவு.) போதாக்குறைக்கு, ஒதுக்கிய இடம் நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட்டே செல்லாததாகிவிடும். எல்விஎம்மிலேயே தின் (thin) என்ற புது வகை வந்த பிறகு பிளாக்குகள் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன, இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கேள்வியில் எந்த வகை என்று படிக்காமல் பெருக்கத் தொடங்காதீர்கள்.

மேகக் கணிமை (கிளவுட்) தேர்வும் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். அங்கே இழுப்பறை இல்லை, வேறு ஊரில் வாடகைக் கிடங்கு. அமேசான் மேகத்தில் இபிஎஸ் என்ற வால்யூமிலிருந்து எடுக்கும் ஸ்னாப்ஷாட் அந்த வால்யூமுக்குள் உட்காராது, எஸ்3 என்ற தனிச் சேமிப்புக்குப் போகிறது. நம் ஊர் நிறுவனங்கள் சில அமேசான் 2020இல் திறந்த கேப் டவுன் தரவு மையப் பகுதியைப் பயன்படுத்துகின்றன, சில மும்பையை. இதனால் இரண்டு விதிகள் தலைகீழாகின்றன. முதல் ஸ்னாப்ஷாட் எழுதப்பட்ட பிளாக்குகள் எல்லாவற்றையும் கொண்டுபோகும். புதிதாக வளர்ந்த தரவும் அடுத்ததில் சேரும். 100 ஜிகாபைட் தரவு, பிறகு 5 ஜிகாபைட் மாற்றம், பிறகு 3 மாற்றமும் 5 வளர்ச்சியும் என்றால் மூன்று ஸ்னாப்ஷாட்டுக்கும் சேர்த்து 113. ஸ்டோரேஜ் பெட்டிக்குள் இதே கதைக்கு 8 தான்.

அலகு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதில் முழுவதும் 1 டெராபைட் என்றால் 1024 ஜிகாபைட் என்று எடுத்துக்கொண்டேன். கண்டிப்பாகச் சொன்னால் அதன் பெயர் டெபிபைட். டிஸ்க் விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், அதனால் அவர்களுடைய 10 டெராபைட் நம் கணக்கில் 9.09 தான். நம்முடைய 3.264ஐ டிஸ்க் வாங்கும் கணக்குக்கு மாற்றினால் 3.59. விடைகள் ஒன்றுக்கொன்று 10 சதவீத நெருக்கத்தில் இருந்தால், கேள்வி அலகில் உங்களைச் சோதிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது முதலில் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறேன். "ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றைக் கழித்துவிடு" என்று நீங்கள் மனப்பாடம் செய்துகொண்டால் அதுவும் உங்களைக் கவிழ்க்கும். ஓன்டாப்பின் இயல்பான அட்டவணை மணிக்கு 6, நாளுக்கு 2, வாரத்துக்கு 2. அதே 8 டெராபைட், அதே விகிதங்கள். தேர்வு மையத்தில் தரும் அழித்தெழுதும் பலகையில் அந்தக் கோட்டை மறுபடி இழுங்கள். சனிக்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கோடுகள் மாலை வரைதான் போகின்றன. ஒரு நாள் நிரம்பவில்லை. அங்கிருந்து இன்று அதிகாலை எடுத்த நாள்கோடு வரை தனி இடைவெளி, அதற்கு அதிகபட்சம் 2 சதவீதம். இன்றைக்கும் நேற்றைக்கும் நடுவே இன்னொரு 2. நேற்றிலிருந்து போன ஞாயிறு எடுத்த வாரக்கோடு வரை ஐந்து நாள், அதிகபட்சம் 8. அதற்கு முந்தைய ஞாயிறு வரை இன்னொரு 8. எந்த அடுக்கும் அடுத்ததன் மேல் ஏறவில்லை, கழிக்க ஒன்றும் இல்லை. 1.2, 4, 16, கூட்டினால் 21.2 சதவீதம், 1.696 டெராபைட். இங்கே உங்கள் பழைய முறையில் போட்டாலும் இதே விடைதான் வரும்.